உட்கார ஓர் இடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது. காலையில் ஒரு காபி, சாயங்காலம் ஒரு காபி. வேலை, கணக்கு எழுதுவது. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் லாப நஷ்டக் கணக்கு நடத்தியவன் நான். என் கரும்பலகையில் ஒரு வியாபாரி எதையாவது வாங்கி எதையாவது விற்றுக்கொண்டே இருப்பார். அவருக்குக் கரண்ட் பில் வராது, கடன் தவணை வராது. அவையெல்லாம் வருகிற ஒரு வியாபாரியின் நோட்டை இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன தீபாவளிக்குப் பிறகு திருவையாற்றில், கேம் விளையாடுகிறவர்களுக்காக ஒரு சின்னக் காபிக் கடை திறந்திருக்கிறோம். 'திறந்திருக்கிறோம்' என்று நான் சொல்வது உரிமையில். முதல் என்னுடையது இல்லை. என்னோடு இருபத்தெட்டு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்த டிராயிங் மாஸ்டர், அவருடைய மகன், மருமகள் மூவருடைய கடை அது. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரம் என்பீர்கள். ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

மாஸ்டரின் மகன் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் கேம் டெஸ்டராக இருந்தான். வெளிவராத கேமை விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு என்று எழுதிக் கொடுக்கிற வேலை. "விளையாடுறதுக்குச் சம்பளமாடா?" என்று நான் கேட்டபோது, "ஒரே கதவை நாநூறு தடவை திறந்து மூடிப் பார்க்கணும் சார், அது விளையாட்டு இல்ல" என்றான். அவனுடைய குழுவையே ஒரு நாள் கலைத்துவிட்டார்கள். ஊருக்கு வந்தான். மருமகள் கும்பகோணத்துப் பக்கம். அவளுடைய அப்பா காபிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். இவனுக்குக் கேம் தெரியும், அவளுக்குக் காபி தெரியும், மாஸ்டருக்குத் தெருவைப் பார்த்த மாதிரி ஒரு வீடு இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் கடை. மாஸ்டரின் ஓய்வூதியப் பணத்திலிருந்து மூன்று லட்சம், வங்கிக் கடன் நான்கு லட்சம்.

"கணக்கை மட்டும் நீங்க பாருங்க சார்" என்றார் மாஸ்டர். அவர் படம் வரைகிறவர். கூட்டல் போட்டால் விடைக்குப் பதில் பூ வரும்.

கடை திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இது. வேறு ஊரில் இப்படி யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் அப்படியே தருகிறேன்.

மாதச் செலவு: கடன் தவணை 10,300. வணிக இணைப்புக்கு மாற்றிய பிறகு மின்சாரம் 7,000. இன்டர்நெட் 1,200. உதவிக்கு ஓர் ஆள் 9,000. பழுது, தேய்மானத்துக்கு 2,500. மொத்தம் 30,000. சொந்த வீடு, வாடகை இல்லை. ஆக ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் மிச்சப்பட்டால்தான் கடை கடையாக இருக்கும்.

காபி இருபது ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து அடக்கம் பதினொன்று. ஒரு காபிக்கு ஒன்பது ரூபாய் நிற்கும். கடையில் 20 இருக்கை, 11 மணி நேரம். ஆக 220 இருக்கை மணி. கேம் ஆடுகிறவன் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். ஒருவன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கிறான் என்று வையுங்கள். ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல் நாள் முழுக்கக் கடை நிரம்பி வழிந்தாலும் 73 காபிதான் போகும். 73 ஒன்பது 657. அதாவது கடை நிரம்பி வழிகிற நாளிலேயே 343 ரூபாய் நஷ்டம்.

இதை மாஸ்டரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மருமகள்தான் சொன்னாள்: "அப்ப நாம காபி விக்கலை சார். உக்கார எடம் விக்கிறோம்."

நான் ஒரு வாரம் போட்ட கணக்கின் விடையை அந்தப் பெண் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

உலகத்தில் இந்த மாதிரிக் கடைகள் எல்லாமே இடம் விற்ற கடைகள்தான். பாரிஸில் 'கபே த லா ரெஜான்ஸ்' என்று ஒரு காபிக் கடை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய சதுரங்க ஆட்டக்காரர்கள் கூடிய இடம் அது. ஃபிலிடோர் அங்கே ஆடினார். ரூசோ, திதரோ எல்லாம் அங்கே வந்து போனவர்கள். 1858-ல் அமெரிக்கர் பால் மார்ஃபி பலகையைப் பார்க்காமலேயே எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடியதும் அங்கேதான். தென்கொரியாவில் 1997-ல் பொருளாதாரம் சரிந்த பிறகு மூலைக்கு மூலை 'பிசி பாங்' என்ற கம்ப்யூட்டர் அறைகள் முளைத்தன. வேலை போனவர்கள் பலர் அவற்றைத் திறந்தார்கள். மறுவருடம் 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற கேம் வந்ததும் இளைஞர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அங்கே உட்கார்ந்தார்கள். இன்றைக்கு இ-ஸ்போர்ட்ஸ் என்று நாம் சொல்வது வளர்ந்த தொட்டில்களில் ஒன்று அந்த அறைகள். நம் ஆட்கள் நிறைய வசிக்கும் டொரோண்டோவில் 2010-ல் 'ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ்' என்று ஒரு கடை வந்தது. அலமாரி அலமாரியாகப் பலகை விளையாட்டுகள். காபிக்குத் தனியாக, உட்கார்ந்து விளையாடத் தனியாகக் காசு. பெயரில் இருக்கும் பாம்பு நம் பரமபதத்துப் பாம்புதான். இங்கிருந்து கப்பலேறிப் போன விளையாட்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தால் செஸ் கிளப் தொடங்கியது. தொடங்கியவர் மானுவல் ஆரோன், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். சின்னப் பையனாக அங்கே போய் ஆடியவர் விஸ்வநாதன் ஆனந்த். அங்கே வேக ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வென்றவர் உட்கார்ந்தபடியே அடுத்தவரோடு ஆடலாம். தோற்றவர் எழுந்து, காத்திருப்பவருக்கு இடம் விட வேண்டும். எழுந்துவிட்டால் மறுபடி முறை வர நேரமாகும். எழாமல் இருக்க வேண்டும் என்றால் ஜெயிக்க வேண்டும்.

இந்த வழக்கத்தை நான் மாஸ்டரின் மகனிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "சார், நம்ம கடைக்கும் இதையே வெச்சுக்கலாம். தோத்தவன் எழுந்து போய் காபி குடிக்கட்டும்" என்றான்.

அதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. கேம் ஆடுகிறவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். டம்ளரைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று ஆறிப்போகும், இல்லையென்றால் கீபோர்டில் கொட்டும். ஆறிப்போன ஃபில்டர் காபியைக் குடிக்கிறவனைப் பார்க்க மருமகளுக்குப் பொறுக்காது. கொட்டின கீபோர்டைப் பார்க்க மகனுக்குப் பொறுக்காது. அதனால் மெஷின் இருக்கும் அறைக்குள் டவரா டம்ளர் போகாது என்று முதல் நாளே முடிவு. காபி வேண்டுமென்றால் எழுந்து திண்ணைக்கு வர வேண்டும்.

இந்தச் சின்ன விதிதான் கடையின் முகத்தையே மாற்றியது. உள்ளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், திண்ணையில் டவராவோடு உட்கார்ந்து, "அந்த எடத்துல எப்படி அண்ணே பின்னாடி வந்தீங்க?" என்று பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் தனியறையில் ஆடும்போது எதிராளிக்கு முகம் கிடையாது. ஒரு புனைபெயர், ஒரு பொம்மை, அவ்வளவுதான். இங்கே எதிராளி பக்கத்துத் தெருப் பையன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் இவன் விசாரிக்கிறான்.

காபியைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் மருமகள் கோபித்துக்கொள்வாள். காபி எண்பது, சிக்கரி இருபது. சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் போட வேண்டும். நீங்கள் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் அந்த எல்லைக்கு ஒட்டியே இருக்கும். மகனுக்கு ஐஸ் காபி, கிரீம் காபி எல்லாம் போட ஆசை. "மொதல்ல டிகாக்ஷன் நிக்கட்டும், அப்புறம் ஐஸ் மெதக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

எதிர்ப்பு வராமல் இல்லை. திறந்த நான்காம் நாள் ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். என்னிடம் படித்தவர்தான், இப்போது அவருக்கே காலேஜ் போகிற மகன் இருக்கிறான். அவருடைய தம்பி செல்போனில் ரம்மி ஆடி, வண்டியை விற்று, மனைவியின் நகையை விற்று, ஊரைவிட்டே போய்விட்டார். "சார், நீங்களுமா இதுக்குத் துணை? இந்த எழவு போன்ல இருந்தது போதாதுன்னு வாசல்லயே கடை போட்டீங்களா?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

அவர் பயத்தில் பாதி நியாயம். அந்தப் பாதி எது என்று நாங்கள் மூன்று பேரும் அன்றிரவு பேசினோம். ஆபத்து விளையாட்டில் இல்லை, பந்தயத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சட்டமும் இப்போது சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வாசலில் நிற்கிற அப்பாவுக்குச் சட்டப்பிரிவைப் படித்துக் காட்ட முடியாது. கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது வேண்டும்.

மாஸ்டர் ஒரு பலகை எழுதினார். கொட்டை எழுத்து, மஞ்சளில் சிவப்பு. பந்தயம் கிடையாது, பத்துப் பைசா என்றாலும். பள்ளிப் பிள்ளைகள் மாலை நாலரைக்கு மேல், ஒரு மணி நேரம் மட்டும். பரீட்சை வாரத்தில் கிடையாது. இரவு ஒன்பதுக்கு மூடப்படும். கடைசி வரி மருமகள் சொன்னது: பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். மெஷின் அறைக்குக் கதவையும் கழற்றிவிட்டோம். தெருவில் போகிறவர்களுக்கு எல்லாத் திரையும் தெரியும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கேமைத் திட்டுகிற வார்த்தைகளிலேயே நூறு வருடத்துக்கு முன் காபியைத் திட்டினார்கள். உடம்பைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும், அந்நியப் பழக்கம். ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1675-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் காபிக் கடைகளையே மூடச் சொல்லி உத்தரவு போட்டார். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளிலேயே திரும்பப் பெற்றார். இப்போது அதே காபியை வாசலில் வைத்துக் கேமுக்கு மரியாதை தேடிக்கொண்டிருக்கிறோம். காலம் வேடிக்கையானது.

ஆனால் பழைய காபிக் கடைகளில் உண்மையிலேயே ஒரு குற்றம் இருந்தது. அது காபியில் இல்லை, இருக்கையில் இருந்தது. யார் எங்கே உட்காரலாம் என்பதில். ஒரு காலத்துக் காபி ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம். திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் பெரியாரின் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் டெல்டா கிராமங்களில் இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகளைப் பார்த்த வயது எனக்கு. சிலருக்கு உள்ளே பெஞ்சு, சிலருக்கு வெளியே தரை. காசு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடை திறந்த பத்தாம் நாள் ஒரு பையன் வாசலில் நின்றுகொண்டே இருந்தான். ஒன்பதாம் வகுப்பு இருக்கும். ஜன்னல் வழியாகத் திரையைப் பார்க்கிறான். மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேரோடு வந்தான். கையில் நாற்பது ரூபாய் இல்லாத பிள்ளைகள். மாஸ்டருக்குச் சங்கடம். "நின்னு பாக்குறதுக்குக் கூட்டம் சேந்தா காசு குடுத்து ஆடுறவனுக்கு எடைஞ்சல் சார்" என்றார். வியாபாரமாகப் பார்த்தால் அது சரி.

மருமகள் உள்ளே போய், மாமனார் படம் வரைய வைத்திருந்த நீள பெஞ்சை இழுத்து வந்து சுவரோரம் போட்டாள். "உள்ள வந்து உக்காந்து பாருங்கப்பா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். கேரம், செஸ், தாயம், ஆடு புலி நான்கும் இலவசம் என்று அன்றைக்கு முடிவானது. மெஷினுக்குத்தான் காசு. கேரம் போர்டு ஒன்று பழையது கிடந்தது, பவுடர் போட்டுத் துடைத்தோம். கேரமை ஏழைகளின் பில்லியர்ட்ஸ் என்பார்கள். சென்னையிலிருந்து போய் இரண்டு முறை உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருதும் வாங்கியவர் மரிய இருதயம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியவர் வடசென்னைப் பெண் காசிமா. இந்த இரண்டு பேரைப் பற்றியும் அந்தப் பையன்களிடம் சொன்னேன். 'மூணு தங்கமா?' என்று மட்டும் கேட்டார்கள். இப்போது கேரம் போர்டு காலியாக இருக்கும் நேரமே இல்லை.

அந்த பெஞ்சில் யார் யாரோ உட்காருகிறார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. எல்லா டம்ளரும் ஒரே மாதிரி எவர்சில்வர். இது பெரிய புரட்சி இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த திருவையாற்றில் இது சும்மா நடந்துவிடுகிற காரியமும் இல்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன். நல்ல மனசுக்கு வங்கி தவணையில் கழிவு தராது.

முதல் இரண்டு மாதமும் கணக்கு உதைத்தது. மெஷின் இருக்கை எட்டு. மணிக்கு நாற்பது. ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 1,280 வரும் என்பது திட்டம். ஆனால் எட்டும் சேர்ந்தே சராசரி பன்னிரண்டு மணி நேரம்தான் ஓடின. 480 ரூபாய். காபி 28, அதில் 252. மொத்தம் 732. மாதத்துக்கு 21,960. எட்டாயிரத்து நாற்பது ரூபாய் பள்ளம். மகன், மருமகள் இரண்டு பேர் உழைப்புக்கும் கூலி பூஜ்யம் என்று வைத்த கணக்கு இது. மகன் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பதில் குடும்பச் செலவு ஓடியது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. பின்னால் இருக்கும் அறையைக் கொடுத்தால் மாதம் பத்தாயிரம் தருவதாகச் சொன்னார். 'நாலு பெரிய மனுஷங்க' உட்கார்ந்து சீட்டு ஆடுவார்களாம். காபி ஆர்டர் தனியாக வருமாம்.

பள்ளம் 8,040. வருவது 10,000. மிச்சம் 1,960. இந்தக் கழித்தலை மூன்றாம் வகுப்புப் பிள்ளையே போடும். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய மூன்று லட்சம் அதில் இருக்கிறது. பேத்தி பெயரில் போட்டு வைத்திருந்த பணம் அது. நான் 1930-ஆம் வருடத்துச் சூதாட்டச் சட்டத்தை நினைவுபடுத்தினேன். இடம் கொடுப்பவரும் குற்றவாளி. ஆனால் அவர் பார்த்த பார்வை சட்டத்தைப் பற்றியது இல்லை. 'கடையைக் காப்பாத்த வேற வழி இருக்கா?' என்பதுதான் அந்தப் பார்வை. அப்போது என்னிடம் பதில் இல்லை.

மகன்தான் எழுந்து அந்தப் பலகையைக் காட்டினான். "முதல் வரியை அழிச்சிட்டா மத்த வரி எதுக்குண்ணே? எல்லாத்தையும் அழிச்சிட வேண்டியதுதான்" என்றான். வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். காபிக்குக் காசு கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அவர் போன பிறகு நான் நோட்டை மணிவாரியாகப் பிரித்தேன். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை கடை வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், இளைஞர்கள் தஞ்சாவூர் பஸ்ஸில். பதினொரு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் காலி. விற்க வேண்டிய சரக்கு இடம் என்றால், பாதிச் சரக்கு தினமும் அழுகிக்கொண்டிருந்தது.

அப்போது மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். "சார், இந்த ஊர்ல ஒரு பொம்பளை தனியா உக்காந்து நிம்மதியா ஒரு காபி குடிக்க எங்க எடம் இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். டீக்கடை இருக்கிறது, ஆண்கள் நிற்பார்கள். ஹோட்டல் இருக்கிறது, டிபன் சாப்பிட்டு எழுந்து வர வேண்டும். அசோகா வாங்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கோயில் பிராகாரமும் காவிரிப் படித்துறையும்தான் பெண்கள் காசில்லாமல் உட்கார முடிகிற இடங்கள். அங்கே காபி கிடைக்காது.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தாயம் என்று தெருவில் நாலு வீட்டில் சொன்னாள். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள், மகள் வீட்டுக்கு வந்த மாதிரி தயங்கித் தயங்கி. இரண்டாம் வாரம் பதினோரு பேர். இப்போது இரண்டு கட்டம் போதாமல் மாஸ்டர் தரையில் மூன்றாவது கட்டம் வரைந்து கொடுத்திருக்கிறார். பித்தளைத் தாயக்கட்டை உருளுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. உண்மையான கேமர்கள் யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு நாள் அவர்களிடம் கணக்குப் பாடம் எடுத்தேன். கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதம். எட்டில் ஒன்று. எட்டுத் தடவை உருட்டினால் தாயம் நிச்சயம் என்று நினைக்காதீர்கள், எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் மூன்றில் ஒருவர் வெளியே உட்கார்ந்திருப்பார் என்றேன். எழுபது வயதுப் பாட்டி ஒருவர், "அது எனக்குத் தெரியுமே. அம்பது வருஷமா நான்தானே அந்த மூணாவது ஆளு" என்றார். சிரித்த சிரிப்பில் கட்டை எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

இந்தப் பெண்கள் வந்ததில் இன்னொன்று நடந்தது. கதவில்லாத அறையில் என்ன ஓடுகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். பலகையைப் படித்தார்கள். சாயங்காலம் பேரப்பிள்ளைகளை அவர்களே அனுப்பிவைத்தார்கள். சிலர் கூடவே இருந்து, "அவனைச் சுடுடா, பின்னாடி வரான் பாரு" என்று சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். காலையில் ஓய்வு பெற்ற கூட்டம், நாங்கள்தான், செஸ்ஸும் கேரமும்.

ஜனவரியில் ஆராதனைக்கு வந்த வெளியூர்க்காரர்களால் கூடிய வியாபாரத்தை நான் சேர்க்கவில்லை, அது வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு அடுத்த மாதக் கணக்கு இது: மெஷின் சராசரி 13 மணி, 520 ரூபாய். காபி 28-லிருந்து 47 ஆகியிருக்கிறது, 423 ரூபாய். நாளுக்கு 943, மாதத்துக்கு 28,290. பள்ளம் 1,710.

பள்ளம் இன்னும் இருக்கிறது. இரண்டு பேருக்குக் கூலி இன்னும் இல்லை. கோடை விடுமுறை வந்தால் மெஷின் ஓடும் என்கிறான் மகன். அதை வந்த பிறகு எழுதுவோம் என்கிறேன் நான். கடை நிலைக்குமா என்று கேட்டால், நோட்டைப் பார்த்து 'நிலைக்கலாம்' என்று மட்டும் சொல்வேன்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க நினைக்கும் நண்பர்களுக்கு மூன்று வார்த்தை. கடை நிரம்பினால் என்ன வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள், காலியாக இருந்தால் என்ன போகும் என்பது தானே தெரியும். மெஷின் வாங்குகிற பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல பெஞ்சு வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். சின்னக் கடைக்கு நாங்கள் கட்டியது வருடத்துக்கு நூறு ரூபாய்தான், புரோக்கர் கேட்கும் இரண்டாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

திருவையாற்றுப் பக்கம் வருகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள். தாயம் தெரிந்திருந்தால் போதும். மூன்றாவது கட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது.